சங்கற்பமும் சபதமும்

சிவமயம்

திருவிழாக் காலத்துக் காலைப்பொழுது. அன்றைய உபயகாரர் சால்வையை இடுப்பிலே கட்டிக்கொண்டு கும்பத்தின் முன்னே அமர்ந்திருக்கிறார். அவருடைய மோதிர விரலிலே தருப்பையினாலான பவித்திரம். கைகளிலே பூவும் அட்சதையும். சிவாசாரியார் அவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்கிறார். பின்னர் வடமொழியிலே சில வாக்கியங்கள் விரைவாகச் சொல்லப்படுகின்றன. மண்டபத்திலே நிற்பவர்களுள் ஒருவர் பூமாலையைப் பார்க்கிறார். இன்னொருவர் தவில்காரர் வந்துவிட்டாரா என்று பார்க்கிறார். அந்த வாக்கியங்களைச் செவிகொடுத்துக் கேட்பவர் சிலரே. ஆயினும் அதன்பின் நிகழும் அபிடேகமும் அலங்காரமும் வீதியுலாவும் அந்தச் சில வாக்கியங்களின் மேலேதான் நிற்கின்றன. அவற்றுக்குச் சங்கற்பம் என்று பெயர். சங்கற்பமின்றித் தொடங்கும் கிரியை இல்லை.

கோயிலிலே இவ்வாறு சங்கற்பத்துடன் ஒவ்வொரு காரியத்தையும் தொடங்கும் மக்கள், வீட்டிலே ஒரு புதிய ஆண்டைத் தொடங்கும்போது மட்டும் சங்கற்பத்தை மறந்து சபதத்தைக் கையிலெடுக்கிறார்கள். சனவரி முதலாந் திகதியன்று, “இனிமேல் மதுவைத் தொடமாட்டேன்” என்கிறார் ஒருவர். “இனிப் பிள்ளைகளிலே கோபிக்கமாட்டேன்” என்கிறார் மற்றொருவர். “ஒருநாளும் தவறாமற் கோயிலுக்குப் போவேன்” என்கிறார் வேறொருவர். தைப்பொங்கற் பானை அடுப்பில் ஏறுவதற்கு முன்னரே இந்தச் சபதங்களிற் பாதி காணாமற் போய்விடுகின்றன. எடுத்த சபதம் போனால் அதனோடு போகட்டும். அது போகும்போது மனிதருக்குத் தம்மீது இருந்த நம்பிக்கையையும் கூட்டிக்கொண்டு போகிறது. “என்னால் எதுவும் ஏலாது” என்ற எண்ணம் வந்தபின், பழைய வழியே நல்ல வழியாகத் தோன்றுகிறது.

திடசங்கற்பம் பூண்டார் என்று பேச்சு வழக்கிலே சொல்லும்போது சங்கற்பமும் சபதமும் ஒரே பொருளுடையன போலாகிவிட்டன. ஆனால் கிரியையிலே சொல்லப்படும் சங்கற்பம் சபதமன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொண்டால், சென்ற ஆண்டை எவ்வாறு திரும்பிப் பார்ப்பது, வரும் ஆண்டை எவ்வாறு எதிர்கொள்வது என்ற இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

சங்கற்பம் சொல்பவை

சங்கற்பம் முதலிலே காலத்தைச் சொல்கிறது. பிரபவ முதல் அட்சய ஈறான 60 ஆண்டுகளுள் இது இன்ன ஆண்டு. இரண்டு அயனங்களுள் இன்ன அயனம். ஆறு இருதுக்களுள் இன்ன இருது. இன்ன மாதம், இன்ன பட்சம், இன்ன திதி, இன்ன வாரம், இன்ன நட்சத்திரம் என்று பெரிய காலத்திலிருந்து சிறிய காலத்துக்கு இறங்கி வந்து, இறுதியிலே “இன்று” என்ற இடத்தில் நிற்கிறது. சபதமோ “இனிமேல்” என்று தொடங்குகிறது. இனிமேல் என்பது எவர் கையிலும் இல்லாத காலம். இன்று என்பது ஒன்றே அடியவரின் கையில் உள்ளது.

அடுத்து இடம். எந்தத் தீவிலே, எந்தத் தலத்திலே, எந்த மூர்த்தியின் சந்நிதியிலே என்று சங்கற்பம் சொல்கிறது. இருக்க விரும்பும் இடத்தையன்று, இருக்கும் இடத்தையே அது சொல்கிறது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் வீடுவாசலைவிட்டுத் தென்மராட்சிக்கும் அப்பாலும் இடம்பெயர்ந்தார்கள். அங்கே பள்ளிக்கூடங்களிலும் மரநிழல்களிலும் தங்கியிருந்த காலத்திலும் தாய் தந்தையரின் திவசம் வந்தது. விரத நாட்கள் வந்தன. “ஊருக்குப் போனபின் பார்ப்போம்” என்று அவற்றை ஒத்திவைக்க இயலாது. நிற்கும் மண்ணிலே நின்றுதான் அவற்றைச் செய்யவேண்டும். இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் அடியாருக்கும் இதுவே முறை. நிலைமைகள் சீரானபின் நல்லவராக வாழத் தொடங்கலாம் என்று காத்திருப்பவருக்குச் சங்கற்பம் சொல்லும் பாடம் இது.

மூன்றாவது, செய்பவர் யார் என்பது. பெயரும் நட்சத்திரமும் கோத்திரமும் சொல்லப்படுகின்றன. அவருடைய பட்டமோ பதவியோ வங்கிக் கணக்கோ அங்கே கேட்கப்படுவதில்லை. வெளிநாட்டிலிருந்து விமானமேறி வந்தவரும், விடியற்காலையிலே தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்தவரும் அங்கே ஒரு பெயரும் ஒரு நட்சத்திரமும்தான்.

நான்காவது, எதற்காக என்பது. இதுவரை வந்து சேர்ந்த பாவங்கள் நீங்குவதற்காகவும், இறைவன் திருவுளம் மகிழ்வதற்காகவும் என்பது அதன் கருத்து. தன்னிடத்திலே குற்றங்கள் சேர்ந்துள்ளன என்பதை ஒப்புக்கொண்டே அடியவர் தொடங்குகிறார். சபதத்திலே இந்த ஒப்புதல் இல்லை. நேற்றுவரை இருந்த மனிதன் போய்விட்டான், இன்று புது மனிதன் பிறந்துவிட்டான் என்று சபதம் பாவனை செய்கிறது. நேற்றைய மனிதன் எங்கும் போகவில்லை. மூன்றாம் நாள் அவன் திரும்பிவந்து படலையைத் தட்டுகிறான்.

கடைசியாக, செய்யப்போகும் காரியம். “இந்தப் பூசையைச் செய்கிறேன்” என்பதோடு சங்கற்பம் முடிகிறது. ஆண்டு முழுவதும் செய்வேன் என்றோ, ஒருகாலும் தவறமாட்டேன் என்றோ அது சொல்வதில்லை. சொல்லி முடித்த கணத்திலே கை அந்தக் காரியத்தைத் தொடங்கிவிடுகிறது. நாளை வேறொரு பூசை. அதற்கு வேறொரு சங்கற்பம். எத்தனை ஆயிரம் முறை பூசை செய்த சிவாசாரியாரும் அடுத்த பூசைக்கு மறுபடியும் முதலிலிருந்தே சொல்கிறார். நேற்றுச் சொன்னது இன்றைக்குப் போதாது என்பதே முறை. நேற்றுத் தவறியது இன்றைக்குத் தடையாகாது என்பதே அதிலுள்ள கருணை.

திரும்பிப் பார்க்கும் முறை

ஆண்டு முடியும்போது திரும்பிப் பார்ப்பவர்களுள் இரு வகையினர் உளர். ஒரு சாரார் பிறருடைய கணக்கைப் பார்ப்பார்கள்: யார் தம்மை மதிக்கவில்லை, யார் வாங்கிய கடனைத் தரவில்லை என்று. மற்றச் சாரார் தம்முடைய கணக்கையே பார்ப்பார்கள். ஆனால் பார்த்துப் பார்த்துத் தம்மையே நொந்துகொள்வார்கள். ஆலயம் காட்டும் வழி இவ்விரண்டுமன்று.

நித்திய பூசையின் நிறைவிலே, மந்திரத்திலே குறை இருந்தாலும், கிரியையிலே குறை இருந்தாலும், பக்தியிலே குறை இருந்தாலும் பொறுத்தருள வேண்டும் என்று இறைவனிடம் வேண்டப்படுகிறது. ஆகமங்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஓராண்டுக் காலத்திலே நித்திய நைமித்திய பூசைகளில் நேர்ந்த குறைகள் நீங்கும்பொருட்டுப் பவித்திரோற்சவம் என்றொரு விழாவையே வகுத்துள்ளன. முடிச்சிட்ட நூலினாலான பவித்திரங்களை இறைவனுக்குச் சாத்தி அது செய்யப்படுகிறது. கற்றறிந்த ஆசாரியர்கள் விதிப்படி செய்த பூசையிலும் குறை நேரும் என்று ஆகமமே எதிர்பார்க்கிறது என்றால், மனிதருடைய ஓராண்டு வாழ்விலே குறை நேர்ந்ததில் வியப்பில்லை. குறையை மறைக்க வேண்டியதில்லை. குறையைக் கண்டு பூசையை நிறுத்தவும் வேண்டியதில்லை. குறையை எடுத்துச் சொல்லி, நூலிலே முடிச்சிட்டு, இறைவன் திருமேனியிலே சாத்திவிட்டு, மறுநாட் பூசைக்கு ஆயத்தமாக வேண்டியதுதான்.

பெரியபுராணத்திலே திலகவதியார் வரலாறு இதற்கு நல்ல விளக்கம். தந்தை புகழனாரும் தாய் மாதினியாரும் இறந்தனர். மணம் பேசிய கலிப்பகையார் போர்க்களத்திலே மாண்டார். உயிரைவிடத் துணிந்த திலகவதியார், தம்பி மருணீக்கியார் அழுது வேண்டியதனால் அவருக்காகவே உயிர் தரித்திருந்தார். அந்தத் தம்பியோ வளர்ந்தபின் சமணம் புகுந்து, தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரத்திலே பெருமையுற்றிருந்தார். தமக்கையார் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, நாள்தோறும் விடியுமுன் திருக்கோயிலைக் கூட்டி, சாணத்தால் மெழுகி, மலர் பறித்து மாலை தொடுத்து, தம்பியை மீட்டுத்தர வேண்டுமென்று இறைவனை வேண்டி வந்தார்.

ஆண்டுகள் கழிந்து, சூலைநோய் தாங்கமாட்டாத தம்பி ஓரிரவிலே தமக்கையார் இருந்த திருமடத்துக்கு வந்து காலில் விழுந்தார். இத்தனை காலமும் எங்கே போயிருந்தாய், யாரை நம்பி என்னை விட்டாய் என்று கேட்க அந்தத் தமக்கைக்கு எல்லா உரிமையும் இருந்தது. இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று சத்தியம் வாங்கவும் உரிமை இருந்தது. அவர் பழி உரைக்கவில்லை, சத்தியமும் வாங்கவில்லை. இது இறைவன் திருவருள் என்றார். ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். அப்போது திருப்பள்ளியெழுச்சிக் காலம். வழமைபோல அலகையும் மெழுகுதற்குரிய சாணத்தையும் நீர்க் குடத்தையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். வழிதவறி வந்தவருக்கு அவர் காட்டியது அடுத்து எழுந்து செய்யவேண்டிய காரியம் ஒன்றையே.

பின்னர் திருநாவுக்கரசரான அந்தத் தம்பி, இழந்துபோன காலத்தை எண்ணி இரங்காதவரல்லர். அவருடைய தேவாரத்திலே அந்த இரக்கம் பலவிடங்களில் ஒலிக்கிறது. ஆனால் அவர் கையிலே கடைசிவரை இருந்தது உழவாரப்படை. திருவீதியிலே முளைத்த புல்லைச் செதுக்குவதிலே அந்த இரக்கம் தொண்டாக மாறியது. திரும்பிப் பார்ப்பதன் பயன் அவ்வளவே. பார்த்து முடிந்தபின் கையிலே ஒரு கருவி இருக்கவேண்டும்.

பூசலார் கட்டிய கோயில்

சங்கற்பம் என்பது வெறும் எண்ணந்தானே, எண்ணத்துக்கு என்ன பெறுமதி என்று சிலர் கேட்கக்கூடும். அதற்குத் திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் விடை தருகிறார். சிவபெருமானுக்குக் கோயில் கட்ட விரும்பிய அவர் முதலில் பொருள் தேடித் திரிந்தார், எங்கும் கிடைக்கவில்லை. அதன்பின் மனத்திலே கட்டத் தொடங்கினார். நல்ல நாள் பார்த்து அடித்தளமிட்டு, ஆகம விதிப்படி அடுக்கடுக்காக எழுப்பி, சிகரம் வைத்து, திருக்குளமும் கிணறும் மதிலும் அமைத்து, நெடுங்காலம் உறங்காது கட்டினார். அதே வேளையில் காஞ்சிபுரத்திலே பல்லவ மன்னன் கற்கோயில் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். இறைவன் மன்னனுடைய கனவிலே தோன்றி, அந்நாளில் பூசலார் கட்டிய கோயிலுக்குத் தாம் செல்வதால் வேறு நாள் பார்க்கும்படி பணித்தார். மன்னன் திருநின்றவூருக்கு வந்து தேடியபோது, பூசலார் கோயில் எதையும் கட்டவில்லையே என்றனர் ஊரவர்.

இவ்வரலாற்றிலே பலர் கவனியாது விடும் செய்தியொன்று உண்டு. பூசலார் நினைத்த மாத்திரத்திலே கோயில் எழும்பிவிடவில்லை. மனத்திலே கட்டிய கோயிலையும் அவர் ஒவ்வொரு கல்லாகத்தான் கட்டினார். “பெரிய கோயில் கட்டுவேன்” என்று சொல்லிவிட்டு உறங்கியவரல்லர். இன்று இந்தக் கல், நாளை அடுத்த கல் என்று நாட்களைச் செலவிட்டவர். அதுவே பகற்கனவுக்கும் சங்கற்பத்துக்கும் உள்ள வேறுபாடு.

வேலியும் பிரசாதமும்

இது நாயன்மார்க்குப் பொருந்தும், சாதாரண குடும்பங்களுக்குப் பொருந்துமா என்று எண்ண வேண்டியதில்லை. ஊர்தோறும் காணக்கூடிய ஒரு நிலைமையைச் சிந்திக்கலாம். தகப்பன் விட்டுச்சென்ற முதுசக் காணி. நடுவே கிளுவை வேலி. ஓராண்டு வேலி அடைத்தபோது கதியால் ஒரு முழம் தள்ளி நடப்பட்டது என்று தம்பி சொல்ல, இல்லையென்று அண்ணன் சொல்ல, சொல் தடித்துப் பேச்சு நின்றுவிட்டது. தகப்பன் செய்துவந்த திருவிழா உபயம் இருவருக்கும் பொதுவானது. ஆனால் ஒருவர் சங்கற்பத்துக்கு அமர்ந்தால் மற்றவர் தூணோரமாக நின்றுவிட்டுப் போய்விடுகிறார். பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கத் தெரியாது.

தம்பி ஆண்டுப் பிறப்பன்று, “இனி அண்ணனோடு பகை பாராட்டமாட்டேன்” என்று சபதம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மழைக்கு வேலி சரிந்தவுடன் அந்தச் சபதமும் சரியும். பகை மனத்திலே எழுவதை எவராலும் ஆணையிட்டு நிறுத்த முடியாது. அவரே சங்கற்பம் செய்தால் அது வேறுவிதமாக அமையும்: “இன்று, இந்தத் திருவிழாவிலே, இந்தப் பிரசாதத்தை அண்ணனுடைய படலைவரை கொண்டுபோகிறேன்.” இதற்குப் பகை முற்றாக நீங்கியிருக்க வேண்டியதில்லை. வழக்கிலே யார் வென்றது என்று தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரு மோதகமும் கொஞ்சம் விபூதியும் நூறு அடி நடையும் போதும்.

“அண்ணை, கோயிற் பிரசாதம்” என்று தம்பி படலையிலே நின்று சொல்லும்போது அண்ணன் வெளியே வரலாம், வராமலும் விடலாம். அண்ணி வந்து வாங்கிக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளே போகலாம். பலன் இறைவனுக்கு ஒப்படைக்கப்பட்டது என்பதனால் சங்கற்பம் தோற்பதில்லை. செய்யச் சொன்னது செய்யப்பட்டுவிட்டது. அடுத்த திருவிழாவுக்கு அடுத்த சங்கற்பம். இவ்வாறு சென்று வந்த கால்கள் பதித்த ஒற்றையடிப் பாதையொன்று ஒருநாள் வேலியிலே பொட்டு வைக்கும். குடிப்பழக்கத்தால் வாடும் வீட்டுக்கும், கடனால் நிம்மதியிழந்த வீட்டுக்கும், தாயோடு பேசாத மகனுக்கும் வழி இதுவே. “ஒருகாலும் இல்லை” என்ற பெரிய சொல்லை விட்டு, “இன்று மாலை இதைச் செய்கிறேன்” என்ற சிறிய சொல்லைப் பிடிப்பது.

ஆணவமும் அருளும்

சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய மலங்களுள் மூலமாக ஆணவத்தைச் சொல்கிறது. “நானே செய்து முடிப்பேன்” என்ற சபதத்திலே அந்த ஆணவம் மறைந்திருக்கிறது. அது நிறைவேறினால் செருக்கு, நிறைவேறாவிடில் வெறுப்பு. இரண்டும் ஆணவத்தின் பிள்ளைகளே. சங்கற்பத்திலோ செய்பவர் பெயர் உண்டு, செருக்கு இல்லை. முயற்சி உண்டு, பலனிலே உரிமை இல்லை. முருகப்பெருமானின் சந்நிதியிலே வள்ளியம்மையை இச்சாசக்தியாகவும், தெய்வயானை அம்மையைக் கிரியாசக்தியாகவும், வேலை ஞானசக்தியாகவும் பெரியோர் விளக்குவர். விருப்பம் ஒரு பக்கமும் செயல் மறு பக்கமும் நிற்க, ஞானம் நடுவே நின்று இரண்டையும் நடத்துகிறது. விருப்பம் மட்டும் இருந்தால் அது ஏக்கம். செயல் மட்டும் இருந்தால் அது பழக்கம். அறிவோடு கூடி இரண்டும் இணையும்போதே சங்கற்பம் பிறக்கிறது.

முன்னோர் இதை அறிந்தே சித்திரைப் புத்தாண்டை அமைத்தார்கள். விஷு புண்ணிய காலத்திலே மருத்துநீர் வைத்து நீராடினர், கோயிலுக்குச் சென்றனர், பெரியோர் கையால் கைவிசேடம் வாங்கினர். பின்னர் பஞ்சாங்கம் குறித்த சுபநேரத்திலே அவரவர் தொழிலைத் தொட்டு வைத்தனர். கமக்காரர் ஏர் பூட்டினார். வியாபாரி புதுக்கணக்குத் திறந்தார். பிள்ளை புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் வாசித்தது. இந்த ஆண்டு இத்தனை மூடை நெல் எடுப்பேன் என்று கமக்காரர் ஊருக்கு அறிவிக்கவில்லை. ஒரு சால் உழுதார். மழையை இறைவனிடம் விட்டார். மறுநாள் மறுபடியும் வயலுக்குப் போனார்.

வழிபாடு முடிந்து வெளியேறுமுன் அடியார்கள் சண்டேசுவரர் சந்நிதிக்கு வருகிறார்கள். அங்கே மெல்லக் கைகொட்டி, சிவதரிசனப் பலனைத் தரும்படி அவரை வேண்டுகிறார்கள். சிவனுடைய பொருள் எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று விரித்துக் காட்டும் கைகள் என்றும் அதற்கு விளக்கம் சொல்வர். ஆண்டின் முடிவிலும் அவ்வாறே கைகளை விரித்துக் காட்டலாம். சென்ற ஆண்டின் கோபத்தையும் குற்றவுணர்வையும் வாசலுக்கு வெளியே எடுத்துச் செல்லாமல் அங்கேயே விட்டுவிடலாம். வெறுங்கையிலேதான் நாளைய பூவையும் அட்சதையும் ஏந்த முடியும்.

அடுத்த திருவிழாவிலே சிவாசாரியார் உபயகாரரின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்கும்போது, ஒரு தகப்பனின் பிள்ளைகள் இருவர் பக்கத்திற் பக்கத்தில் அமர்ந்து தத்தம் பெயரைச் சொல்வார்களாக. இரு பெயரும் ஒரே சங்கற்பத்திலே ஒலிப்பதாக. அதற்கு வேண்டிய மனத்தையும், அந்த மனத்துக்கு வேண்டிய முதல் அடியையும் எல்லாம்வல்ல எம்பெருமான் இன்றே தந்தருள்வாராக.

திருச்சிற்றம்பலம்